87 ஓட்டுக்காரர் போட்ட பூட்டு

1954 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சுதந்திர தினம் என்பதால் அமெரிக்க செனட் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மனசு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சபையில் கிடந்ததோ வருமான வரிச் சட்டத்தை அடியோடு திருத்தி எழுதும் மசோதா. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை தடிமன். அந்த நேரம் பார்த்து டெக்சாஸ் செனட்டர் லிண்டன் ஜான்சன் எழுந்தார். சின்னத் திருத்தம்தான்: வரிவிலக்கு வாங்கும் தர்ம ஸ்தாபனங்கள் எந்த வேட்பாளருக்காகவும் தேர்தல் வேலை பார்க்கக் கூடாது. நிதிக் குழுத் தலைவர் மில்லிகினிடம் பேசியாயிற்று, அவருக்கு ஆட்சேபணை இல்லை. மில்லிகினும் ஆமாம் என்றார். விவாதம் இல்லை, குழு விசாரணை இல்லை, 'திடீரென்று ஏன் இது?' என்று கேட்க நாதி இல்லை. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

அந்த நாலு வரியோடு அமெரிக்கா எழுபது வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மதமும் அரசும் கலந்துவிடாமல் காக்கும் மதில் அது என்கிறார்கள் ஒரு சாரார். போதகர்களின் வாய்க்குப் போட்ட பூட்டு என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டையும் கேட்டிருந்தால் ஜான்சன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மனிதருக்கு அன்றைக்கு இருந்தது கொள்கை இல்லை, கடுப்பு.

கடுப்பின் பூர்வீகம் தெரிய 1948-க்குப் போக வேண்டும். செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல், இரண்டாம் சுற்று. அன்றைய டெக்சாசில் அதில் ஜெயித்தால் பாக்கி எல்லாம் சம்பிரதாயம். எதிராளி முன்னாள் கவர்னர் கோக் ஸ்டீவன்சன். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டு விழுந்து, எண்ணி, ஸ்டீவன்சன் மயிரிழையில் முந்திக்கொண்டிருந்தார். ஆறு நாள் கழித்து, ஆலிஸ் என்ற சிற்றூரின் 13-ஆம் எண் பெட்டிக்காரர்களுக்கு ஞாபகம் வந்தது: அடடே, இன்னும் 202 பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்களே! அதில் ஜான்சனுக்கு 200, ஸ்டீவன்சனுக்கு 2.

பட்டியலைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கடைசியாகச் சேர்ந்த அத்தனை பெயர்களும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. அதோடு ஆங்கில அகரவரிசையிலும் இருந்தன. வாக்குச்சாவடிக்கு வரும்போதே முதலெழுத்துப்படி வரிசையில் நிற்கிற குடிமக்கள் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பார்கள்? எனக்கு அந்த 2-தான் ரொம்பப் பிடிக்கும். முழு 202-ஐயும் ஜான்சனுக்கே எழுதிவிட்டால் பார்க்கிறவர்கள் சந்தேகப்படுவார்களாம்.

ஜான்சன் ஜெயித்தது 87 ஓட்டில். 'அமோக வெற்றி லிண்டன்' என்று ஊரே கேலிப்பெயர் வைத்தது. ஆகவே 1954-ல் தேர்தல் தூய்மைக்காகச் சட்டம் கொண்டுவந்த மகான் இன்னார் என்பதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

1954-ல் ஜான்சன் மறுபடி மக்களிடம் போக வேண்டிய வருஷம். உட்கட்சியில் எதிர்த்து நின்றவர் டட்லி டோஹர்டி. பணக்காரப் பண்ணை வீட்டுப் பிள்ளை, மாநில சட்டசபை உறுப்பினர். அவரால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் ஜான்சனுக்கு எதிராகத் தபாலிலும் வானொலியிலும் சரக்கு வந்து இறங்கியபடி இருந்தது. அனுப்பியவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை. 'கல்வி' புகட்டுகிற அமைப்புகள்.

ஒன்று, பத்திரிகை முதலாளி ஃபிராங்க் கேனட் தொடங்கிய அரசியலமைப்பு அரசுக் குழு. நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸ்காரர்களின் எதிர்காலத்துக்காகக் கவலைப்பட்டது. இன்னொன்று டாலஸ் எண்ணெய்ச் சீமான் எச். எல். ஹன்டின் ஃபேக்ட்ஸ் ஃபோரம். பெயரிலேயே 'உண்மை' இருக்கிறதா, அப்போதே உஷாராகிவிட வேண்டும். அதன் நிகழ்ச்சியை நடத்தியவர் டான் ஸ்மூட் என்ற முன்னாள் எஃப்.பி.ஐ. ஆள். எந்தப் பிரச்சினையானாலும் இரண்டு பக்க வாதத்தையும் அவர் ஒருவரே பேசுவார். இடதுசாரி வாதம் வரும்போது தொண்டை கட்டிக்கொள்ளும். வலதுசாரி வாதம் வந்ததும் குரல் கணீரென்று திறந்துகொள்ளும். இதற்குப் பெயர் பொதுக்கல்வி. பொதுக்கல்வி என்பதால் வரிவிலக்கு. வரிவிலக்கு என்பதால், கொடுக்கிற சீமானும் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம், நம் ஊர் 80ஜி ரசீது போல.

ஹன்டைப் பற்றி இன்னொரு செய்தியைச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். 1960-ல் அவர் 'அல்பாகா' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் லட்சிய நாட்டில் அதிக வரி கட்டுகிறவனுக்கு அதிக ஓட்டு. வரிவிலக்குப் பெற்ற அமைப்பு மூலம் அரசியல் செய்த கோடீஸ்வரரின் கனவு தேசம் அது. டாலஸ் புத்தகக் கடையில் அவருடைய சிறுவயது மகள்கள் பாட்டுப் பாடி அந்த நாவலை விற்றார்கள்.

இந்த அமைப்புகளைச் சட்டப்படி மடக்க வழி இருக்கிறதா என்று ஜான்சனின் ஆட்கள் குடைந்தார்கள். சரியாக அகப்படவில்லை. அப்போது வரித்துறைக்குத் தலைவர் டி. கோல்மன் ஆண்ட்ரூஸ். அடுத்த வருஷமே பதவியை விட்டு விலகி, 1956-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். அவருடைய முக்கியக் கோஷம்: வருமான வரியே கூடாது. ஒரு லட்சம் பேருக்கு மேல் அவருக்கு ஓட்டும் போட்டார்கள். துறையின் தலைவரே அப்படி இருக்கும்போது ஜான்சன் யாரை நம்புவார்? இருக்கிற சட்டம் உதவாது, புதுசாகவே ஒன்று செய்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

இதில் பெரிய வேடிக்கை, அந்தத் தேர்தலுக்கு அந்தச் சட்டம் பிரயோஜனப்படவே இல்லை. ஜூலை 24 உட்கட்சித் தேர்தலில் டோஹர்டியை ஜான்சன் துவைத்துக் காயப்போட்டார். அகரவரிசை வாக்காளர் யாருடைய தயவும் தேவைப்படவில்லை. ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டு மசோதா சட்டமானது ஆகஸ்ட் 16-ல்.

இரண்டாவது வேடிக்கை தேவாலயங்கள். தெருவுக்கு ஒரு தேவாலயம் இருக்கிற டெக்சாசில் ஓட்டுக் கேட்கிறவன் பாதிரியார்களைப் பகைத்துக்கொள்வானா? ஜான்சன் மனசில் தேவாலயங்கள் இருந்திருக்காது என்றுதான் அவருடைய உதவியாளராக இருந்த ஜார்ஜ் ரீடி பிற்காலத்தில் சொன்னார். ஆனால் சட்டத்தின் அந்த 501(சி)(3) பிரிவில் பள்ளி, ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், தேவாலயம் எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம். எண்ணெய்க்காரருக்கு விரித்த வலையில் திருச்சபையே மொத்தமாக வந்து விழுந்தது.

இப்படி ஒருவரைக் குறிவைத்து ஊருக்கே சட்டம் போடுவது ஜான்சன் கண்டுபிடித்த வித்தை இல்லை. சட்டங்களை மாற்றச் சொல்லிப் பிரசாரம் செய்வதே வேலையாக இருக்கக் கூடாது என்ற முந்தைய விதி 1934-ல் வந்தது. போர்வீரர்களின் உதவித்தொகைக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்த ஓர் அமைப்பின் வாயை அடைக்க வந்த விதி. குழு நினைத்ததைவிட இது ரொம்ப தூரம் போகிறது என்று நிதிக் குழுவைச் சேர்ந்த செனட்டர் ரீடே சபையில் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகும் நிறைவேற்றினார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. ஜே. நோவா ஸ்லீ என்று ஒரு வியாபாரி. த்ரீ-இன்-ஒன் எண்ணெய் விற்றுச் சம்பாதித்தவர். தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் விடும் எண்ணெய். மனைவி மார்கரெட் சாங்கர், குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போராடி ஜெயிலுக்கே போனவர். கருத்தடைச் சாதனங்களை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவது குற்றமாக இருந்த காலம். புருஷனுக்கு மனைவி மேல் பாசம். ஜெர்மன் சரக்கைக் கனடா வழியாகத் தன் எண்ணெய்ப் பெட்டிகளில் ஒளித்துக் கடத்திக் கொடுத்தார். அதில் அவர் மாட்டிக்கொள்ளவில்லை. மனைவியின் அமைப்புக்குச் செக் எழுதி நன்கொடை கொடுத்து, அதை ஒழுங்காகக் கணக்கில் காட்டி வரியில் கழித்தார் பாருங்கள், அங்கேதான் மாட்டினார். சட்டத்தை மாற்றச் சொல்லிக் கிளர்ச்சி செய்வது தர்மம் இல்லை, அதை அரசாங்கப் பணத்தில் நடத்த முடியாது என்று 1930-ல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் தீர்ப்பளித்தார். பழைய சட்டத்தை உடைத்தபோது தப்பித்தவர், மாற்றச் சொன்னவர்களுக்குப் பணம் கொடுத்து அகப்பட்டார்.

கையில் இப்படி இரண்டு விதிகள் வந்ததும் வரித்துறை வாளை உருவிக்கொண்டு கிளம்பியிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. வெகுகாலம் தூங்கும், யாராவது தூக்கத்தைக் கலைத்தால் எழுந்து அடிக்கும், அடித்ததும் அடிபட்டவர் பெரிய ஆளாகிவிடுவார்.

1966 ஜூன் 9-ல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் நியூயார்க் டைம்ஸிலும் வாஷிங்டன் போஸ்ட்டிலும் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. கிராண்ட் கேன்யனில் அணை கட்டாதே என்பது விஷயம். மறுநாளே வரித்துறைக் கடிதம் கைக்கே வந்து சேர்ந்தது: இனி உங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச்சலுகை சந்தேகம். வரித்துறை அதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில் ஒரு காரியத்தை முடித்திருக்குமா தெரியவில்லை. பள்ளத்தாக்கு பற்றி அபிப்பிராயமே இல்லாதவர்களுக்கும் வரித்துறை பற்றி உறுதியான அபிப்பிராயம் உண்டு என்று சங்கத்தின் செயல் இயக்குநர் டேவிட் பிரவர் கண்டுகொண்டார். உறுப்பினர் கூட்டம் மளமளவென்று பெருகியது. அணையில் தண்ணீர் நிறைந்தால் பயணிகள் படகில் போய்ப் பாறைகளைக் கிட்டத்தில் பார்க்கலாமே என்று அணைக்கட்சி வாதாடியதற்கு, அடுத்த விளம்பரத்தில் பதில் கொடுத்தார்கள்: கூரை ஓவியத்தைக் கிட்டத்தில் பார்க்க சிஸ்டைன் ஆலயத்தையும் தண்ணீரில் மூழ்கடிக்கலாமா? சலுகை போனது போனதுதான். அணையும் வரவில்லை.

அது பழைய விதியின் கதை. ஜான்சன் விதியின் பேரில் வரிவிலக்கை இழந்த தேவாலயம் எது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றைத்தான் காட்டுவார்கள்: நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டன் பக்கம், பியர்ஸ் கிரீக் தேவாலயம். 1992 அக்டோபர் 30, ஜனாதிபதி தேர்தலுக்கு நாலே நாள். யுஎஸ்ஏ டுடேயிலும் வாஷிங்டன் டைம்ஸிலும் முழுப்பக்கம். 'கிறிஸ்தவர்களே, ஜாக்கிரதை' என்று தலைப்பு. பில் கிளின்டனின் பாவப் பட்டியலைப் போட்டு, இவருக்கு எப்படி ஓட்டுப் போட முடியும் என்று கேட்டிருந்தது. இதுவரைகூடப் பரவாயில்லை, கெட்டிக்கார வக்கீல் கிடைத்திருந்தால் ஆன்மிகச் சிந்தனை என்று சாதித்திருப்பார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததுதான் கதையின் உயிர்நாடி: இந்த விளம்பரத்துக்கான நன்கொடைகள் மகிழ்ச்சியுடன் ஏற்கப்படும், அவற்றுக்கு வரிச்சலுகை உண்டு, அனுப்ப வேண்டிய முகவரி இது. திருடப் போன வீட்டில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டு வருவது என்பது இதுதான்.

வரித்துறைக்கே தர்மசங்கடம். பார்க்காத மாதிரி இருக்கலாம் என்றால் லட்சக்கணக்கானவர்கள் காலை காப்பியோடு பார்த்துவிட்டார்கள். 1995-ல் வரிவிலக்கை ரத்து செய்தது. தேவாலயம் வழக்குப் போட்டு, 2000-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. தீர்ப்பைப் படித்தால் தண்டனையின் லட்சணம் புரியும். தேவாலயம் வரிவிலக்குக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்ற கட்டாயமே அமெரிக்காவில் இல்லை. இனி அரசியல் பேச மாட்டோம் என்று நடந்துகொண்டால் வரிவிலக்குத் தகுதி திரும்பிவிடும். ஆக, இந்த ரத்து பெரும்பாலும் அடையாள நடவடிக்கைதான் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. எட்டு வருஷ யுத்தத்தில் விழுந்த ஒரே விக்கெட், அதுவும் நோ-பால்.

வலதுசாரிகள் மட்டும்தான் மாட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் பாசடீனா ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். 2004 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஓய்வுபெற்ற போதகர் ஜார்ஜ் ரேகாஸ் பிரசங்க மேடையில் ஒரு கற்பனை விவாதம் நடத்தினார். இந்தப் பக்கம் ஜனாதிபதி புஷ், அந்தப் பக்கம் அவரை எதிர்த்து நின்ற கெர்ரி, நடுவில் இயேசு கிறிஸ்து. யாருக்கு ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே கையைக் கழுவிக்கொண்டார். பிறகு இராக் யுத்தத்துக்காக இயேசு, ஜனாதிபதி புஷ்ஷை வெளுத்து வாங்கினார். அடுத்த வருஷம் வரித்துறை நோட்டீஸ். தேவாலயமோ கேட்ட காகிதங்களைத் தர முடியாது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது. 2007-ல் முடிவு வந்தது: அந்தப் பிரசங்கம் தேர்தல் தலையீடுதான், ஆனால் தண்டனை இல்லை. எந்த வரியில் தலையீடு என்று சொல்லுங்கள், மன்னிப்பும் கேளுங்கள் என்று தேவாலயம் திருப்பி மல்லுக்கு நின்றது. இயேசுவுக்குச் சம்மன் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

2008-ல் நிலைமை தலைகீழானது. செப்டம்பர் 28, ஞாயிறு. ஒரு வக்கீல் அமைப்பின் ஏற்பாட்டில் 33 போதகர்கள் வேண்டுமென்றே மேடையில் அரசியல் பேசி, பேசியதை வரித்துறைக்கே அனுப்பிவைத்தார்கள். ஐயா, நாங்கள் குற்றம் செய்துவிட்டோம், தயவுசெய்து வழக்குப் போடுங்கள், உச்ச நீதிமன்றம் வரை போய் உங்கள் சட்டத்தையே உடைக்கிறோம். வரித்துறை வாயே திறக்கவில்லை. வருஷா வருஷம் திருவிழா மாதிரி நடத்தினார்கள். 2012-ல் சேர்ந்தவர்கள் 1,500-க்கும் மேல். ஒருவருடைய வரிவிலக்கும் போகவில்லை.

வரித்துறை ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு ஒரு நிர்வாக ரகசியம் உண்டு. தேவாலயத்தைத் தணிக்கை செய்ய வேண்டுமானால் மேல்நிலை அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று 1984 சட்டம். அந்தப் பொறுப்பிலிருந்த மண்டல ஆணையர் பதவியையே 1998 சீரமைப்பில் ஒழித்துவிட்டார்கள். பதவியை ஒழித்தவர்களுக்குக் கையெழுத்து ஞாபகம் வரவில்லை. மினசோட்டாவில் மேக் ஹாமண்ட் என்ற போதகரின் தேவாலயத்தை வரித்துறை துருவப் போனபோது, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அந்தஸ்து போதாது என்று 2009-ல் நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. இந்த ஹாமண்ட் 2006 தேர்தலில், சபை சார்பில் சொல்ல முடியாது, ஆனால் தனிப்பட்ட முறையில் என் ஓட்டு வேட்பாளர் மிஷெல் பாக்மனுக்கே என்று மேடையில் அறிவித்தவர். பிறகுதான் தெரிந்தது, அவர் வீடு அந்தத் தொகுதியிலேயே இல்லை.

இதற்குள் புத்திசாலிகள் வேறு வாசலுக்குப் போய்விட்டார்கள். 501(சி)(4), சமூக நல அமைப்பு. அதற்குக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. ஆனால் அரசியல் செய்யலாம், முக்கிய வேலையாக இல்லாதவரை. பணம் தந்தவர் பெயரையும் ஊருக்குச் சொல்ல வேண்டாம். இந்த வாசல் எவ்வளவு அகலம் என்று 2011-ல் டி.வி.யிலேயே அளந்து காட்டினார் நகைச்சுவைக்காரர் ஸ்டீபன் கோல்பேர். தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவர் ட்ரெவர் பாட்டரை வக்கீலாகப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு சூப்பர் பேக்கும் (தேர்தலுக்கு வரம்பில்லாமல் பணம் செலவழிக்கும் குழு) அதற்குத் துணையாக ஒரு சமூக நல அமைப்பும் நிகழ்ச்சியிலேயே தொடங்கினார். பெயர் சொல்லாத பணத்தை இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கும் கறுப்புப் பணத்தை வெளுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கோல்பேர் விசாரிக்க, வக்கீல் முகத்தில் ஈ ஆடவில்லை. தேர்தல் முடிந்ததும் மிச்சமிருந்த கிட்டத்தட்ட ஏழே முக்கால் லட்சம் டாலரைப் புதிதாக ஓர் அமைப்பு வழியாகச் சுற்றவிட்டு, தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார். அந்த அமைப்புக்கு அவர் வைத்த பெயர், தன் நிகழ்ச்சியில் அவர் கண்ணாடி மாட்டிவிட்டு ஒரு பாத்திரமாக்கிய டின் பன்றி இறைச்சி ஒன்றின் நினைவாக.

நிஜமான அமைப்புகளின் விண்ணப்பங்கள் சின்சினாட்டி வரி அலுவலகத்தில் குவிந்தன. அங்கிருந்தவர்கள் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: பெயரில் 'டீ பார்ட்டி', 'பேட்ரியட்' என்று வலதுசாரி வார்த்தை இருந்தால் தனியே எடுத்து வை. எடுத்து வைத்தது வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது. உங்கள் பிரார்த்தனையின் உள்ளடக்கம் என்ன என்று ஒரு குழுவிடம் கேட்டதாக நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. 2013 மே 10-ல், வக்கீல்கள் மாநாடு ஒன்றில் பார்வையாளர் கேட்ட கேள்விக்குப் பதிலாக அதிகாரி லோயிஸ் லேர்னர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கேள்வியே சொல்லிவைத்துக் கேட்கவைத்தது என்று அடுத்த வாரம் தெரிந்தது. பிறகு அவருடைய பழைய மின்னஞ்சல்களைக் கேட்டால், 2011-லேயே ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. இடதுசாரி வார்த்தைகளுக்கும் அதே மாதிரிப் பட்டியல் இருந்தது என்று 2017-ல் இன்னோர் அறிக்கை சொன்னது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது.

ஜான்சன் திருத்தத்தை இருந்த இடம் தெரியாமல் அழிப்பேன் என்று 2017 பிப்ரவரியில் டிரம்ப் ஒரு பிரார்த்தனை விருந்தில் சூளுரைத்தார். மே மாதம் பெரிய விழா வைத்து ஓர் ஆணையிலும் கையெழுத்துப் போட்டார். சட்டத்தில் ஒரு எழுத்தும் நகரவில்லை. கடைசியில் 2025 ஜூலையில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்றில், தன்மேல் வழக்குப் போட்ட தேவாலயங்களோடு வரித்துறையே கூட்டாக ஒரு மனு போட்டது. வழிபாட்டின்போது, வழக்கமான வழியில், சொந்தச் சபையாரிடம் நம்பிக்கையின் கண்ணோட்டத்தில் தேர்தலைப் பற்றிப் பேசினால் அது தேர்தல் தலையீடு இல்லை. வேட்பாளர்களைப் பற்றிக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதைப் போன்றது என்றது அந்த மனு.

அதே டெக்சாசில், ஹூஸ்டனில், கூடைப்பந்து அரங்கமாக இருந்த கட்டடத்தில் லேக்வுட் தேவாலயம் நடக்கிறது. அங்கே அரசியல் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை, அந்தக் 'குடும்பத்தின்' அளவுக்காகச் சொல்கிறேன்: கிட்டத்தட்ட 16,000 பேர் உட்காரலாம். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா, பெரியப்பா வகையறாக்கள் தனி.